வெள்ளிக்கிழமை பல்லாவரமா, ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்டா, இல்லை காரைக்குடிக்கே போவதா?

ஊரப்பாக்கத்தில் புதுவீடு கட்டிக் குடிபோன என் தங்கை ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். சங்கிலியோடு ஓர் ஊஞ்சல் பலகை. வாசலில் செடி வைக்கப் பித்தளை அண்டா. சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம். பழைய சட்டத்தோடு ரவிவர்மா லட்சுமி படம். கடைசி வரியில், "அப்புறம் கொஞ்சம் பழைய புத்தகம், அலமாரிக்கு". எல்லாவற்றுக்கும் சேர்த்து 30,000 ரூபாய், ஒரே ஒரு நாள் லீவு. "நீதான் சந்தை சந்தையா சுத்துறியே அண்ணே, எங்க போனா எல்லாம் ஒரே எடத்துல கெடைக்கும்?"

கிடைக்காது. அதைச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். அந்தப் பேச்சு நீண்டுபோய், கடைசியில் இப்படி எழுதிவைத்துவிட்டால் அடுத்து கேட்பவர்களுக்கும் ஆகும் என்று தோன்றியது.

சென்னையில் இருப்பவர் பழைய சாமான் தேடக் கிளம்பினால் நான்கு இடங்களின் பெயர்தான் அடிபடும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தை. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட். அதே ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி சண்டே மார்க்கெட். கொஞ்சம் துணிந்தவர்களுக்குக் காரைக்குடி. எது விலை மலிவு என்ற கேள்வியோடுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் வேறு கேள்வியிலிருந்து தொடங்குவேன்: பொருள் அந்த இடத்துக்கு எந்த வழியாக வந்து சேர்கிறது? பல்லாவரத்துக்கு வருவது ஊர் போன வாரம் தூக்கிப்போட்டது. காரைக்குடிக்கு வருவது ஒரு வீடு இடிபடும்போது வெளியே வந்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பட்டியலில் எதை எங்கே தேடுவது என்பது பாதி தானாகப் பிரிந்துவிடும்.

பல்லாவரம்

முதல் சிக்கல் கிழமை. இது வெள்ளிக்கிழமைச் சந்தை. சனி ஞாயிறு மட்டும் விடுமுறை உள்ளவர்கள் இங்கேயே தோற்றுவிடுகிறார்கள். ஊரப்பாக்கத்திலிருந்து வருபவருக்கு மற்றபடி வழி சுலபம். செங்கல்பட்டு–கடற்கரை மின்சார ரயிலில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்கினால் பழைய டிரங்க் ரோடு நடக்கிற தூரம்தான். கார் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே காலை போய்விடும்.

பரங்கிமலைப் பக்கம் மாட்டுச் சந்தையாக இருந்து இங்கே நகர்ந்தது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இப்போது மாடு இல்லை, மற்ற எல்லாம் இருக்கிறது. காய்கறி, கருவாடு, ரோஜாச் செடி, புறா, மீன் தொட்டி. அவற்றுக்கு நடுவே தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான். சார்ஜர் மூட்டை, திறக்காத மடிக்கணினி, ஒற்றைக் கால் போன நாற்காலி, தையல் மிஷின் தலை, தாழ்ப்பாள், ஸ்பேனர் குவியல், யாரோ ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்த கேடயம். தலைக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒரு நிமிடம் பேரத்தை நிறுத்திவைக்கும். கடைக்காரர் அந்த ஒரு நிமிடத்தில் உங்கள் முகத்தைப் படித்துவிடுவார்.

இந்தச் சாமான்கள் வரும் வழியைப் பாருங்கள். அடுக்குமாடிக்கு மாறுபவர்கள் ஒழித்துக்கொடுத்தது, அலுவலகம் ஏலம் விட்டது, காயலான் கடையில் உருக்கப் போகும் முன் ஒருவர் ஒதுக்கி எடுத்தது, "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" காலத்துத் தள்ளுவண்டியின் இன்றைய வாரிசுகள் தெருத் தெருவாகச் சேர்த்தது. நகரத்து நடுத்தர வீடுகளின் கடைசி ஐம்பது அறுபது வருடம் இங்கே தரையில் கிடக்கிறது. அதனால் அந்தக் காலத்துப் பொருளுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஹெச்எம்டி கைக்கடிகாரம், மர்ஃபி ரேடியோ, எவர்சில்வருக்கு முந்தைய பித்தளைக் குடம், அஞ்சறைப்பெட்டி, இரும்பு டிரங்குப் பெட்டி, பிரம்பு பின்னிய நாற்காலி, கேமரா, காயின்பாக்ஸ் போன். அதற்கு முந்தையது கண்ணில் பட்டால் ஒரு அடி பின்னால் நின்று பாருங்கள்.

ஏனென்றால் நூறு வருடப் பொருள் என்று இங்கே காட்டப்படுவதில் பலவும் போன வருடம் செய்தவை. பளபளவென்று பித்தளைப் புனல் வைத்த கிராமஃபோன், லண்டன் என்று பொறித்த திசைகாட்டி, மடக்கும் தொலைநோக்கி எல்லாம் வட இந்தியப் பட்டறைகளில் டஜன் கணக்கில் ஆகின்றவை. கிழக்கிந்தியக் கம்பெனி 1818 என்று போட்டு, பின்பக்கம் ராமர் பட்டாபிஷேகம் உள்ள செப்புக்காசை யாராவது துணியில் சுற்றி ரகசியமாகக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. அது அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்ற மோசடிக் கதை ஆரம்பித்தால் சிரிக்காமல் வேகமாக நகருங்கள்.

ஹெச்எம்டிக்குக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், நான் அதில் பைத்தியம். ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் தொடங்கிய கடிகாரப் பிரிவு, 2016-ல் மூட முடிவானது. அதிலிருந்து விலை ஏறிவிட்டது, போலியும் பெருகிவிட்டது. உள்ளே மிஷின் அசல்தான் இருக்கும். முகப்புத் தட்டை மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்து, கண்ணைப் பறிக்கும் சிவப்பிலும் பச்சையிலும் எழுத்துப் போட்டிருப்பார்கள். எழுத்தின் ஓரம் பிசிறில்லாமல் இருக்கிறதா, எண்களும் கோடுகளும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வயதுக்கேற்ப மங்கியிருந்தால் நல்லது. அறுபது வயதுக்காரருக்கு நரையே இல்லையென்றால் மை பூசியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்.

என் தங்கை கேட்ட சுவர்க் கடிகாரத்தில் எனக்குப் பட்ட அனுபவம் உண்டு. எந்தச் சந்தை என்று சொல்லப்போவதில்லை. எண்கோண முகம், நீளப் பெண்டுலம், தேக்குச் சட்டம். 2,200 ரூபாய்க்கு வாங்கி, குழந்தையைத் தூக்குவது போல ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வீட்டில் சாவியைத் திருப்பினால் திரும்பிக்கொண்டே இருக்கிறது. பின்பலகையைக் கழற்றினேன். உள்ளே ஒரு பேட்டரி மிஷின். சாவித் துளை வெறும் துளை. பெண்டுலத்துக்கும் மணிக்கும் சம்பந்தமே இல்லை. மனைவி அதைச் சமையலறையில் மாட்டியிருக்கிறாள், நேரம் சரியாகக் காட்டுகிறது. அன்றிலிருந்து பின்பலகையைத் திறந்து காட்டாதவரிடம் கடிகாரம் வாங்குவதில்லை. திறந்தால் சுருள்வில் தெரிய வேண்டும், டிக் டிக் இரண்டும் சமதாளத்தில் கேட்க வேண்டும். ஒன்று நொண்டினால் சரிசெய்யலாம், பேரத்துக்கும் உதவும்.

நேரம் பற்றி. நல்ல பொருள் காலை ஏழு எட்டுக்குள் கைமாறிவிடும், கடை வைத்திருக்கும் வியாபாரிகளே அப்போது வந்து அள்ளிப்போவார்கள். சாயங்காலம் போனால் விலை இறங்கும், மூட்டையைத் திருப்பிச் சுமக்க யாருக்கும் மனமில்லை. குறிப்பிட்ட ஒன்றைத் தேடிப் போகிறவர் காலையில் போங்கள், எது கிடைத்தாலும் சரி என்பவர் நான்கு மணிக்கு மேல். ஐப்பசி கார்த்திகையில் போகவே வேண்டாம். மழையில் நனைந்த ரேடியோவை வெயிலில் காய வைத்து அடுத்த வாரம் விற்பார்கள்.

காலையில் பேரம் பேசும்போது ஒரு மரியாதை இருக்கிறது. முதல் போணி ஆகாத கடையில் விலை கேட்டு, அவர் இறங்கிவந்து ஒப்புக்கொண்ட பிறகு "அப்புறம் வரேன்" என்று நழுவாதீர்கள். அந்த நாளே கெட்டது என்று நினைப்பார். வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பேரத்தில் இறங்குங்கள். எவ்வளவு குறைத்துக் கேட்பது என்பதற்குக் கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் பித்தளை, வெண்கலம் என்றால் அன்றைய பழைய உலோக விலை கிலோ எவ்வளவு என்று உங்கள் தெருக் காயலான் கடையில் கேட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் மனதில் அதுதான் அடிவிலை, அதற்குக் கீழே போக மாட்டார். அதைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் உண்மையான பேரம். சட்டைப் பையில் ஒரு காந்தத் துண்டு இருக்கட்டும். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. விரலால் சுண்டினால் வெண்கலம் கணீரென்று நீளமாகப் பாடும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். அண்டாவில் சமைக்கப்போவதானால் ஈயம் பூச ஆள் தேட வேண்டும், அந்த வேலைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். செடி வைக்கத்தான் என்பதால் தங்கைக்கு அந்தக் கவலை இல்லை. அடியில் விரிசல் இருந்தால்கூட அவளுக்கு நல்லதுதான், தண்ணீர் வடியும்.

போன் வாங்குகிறவர்களுக்கு இரண்டே வரி. நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும், அதை சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள், திருடுபோனதாகப் பதிவாகியிருந்தால் தெரிந்துவிடும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவு. கிளி, நட்சத்திர ஆமை விற்பவர் வந்தாலும் அப்படித்தான், நம்மூர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதே வனவிலங்குச் சட்டப்படி தப்பு.

மூர் மார்க்கெட்

இந்தப் பெயரைச் சொன்னதும் ஐம்பது வயது தாண்டியவர்கள் ஒரு பெருமூச்சு விடுவார்கள். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-ல் அடிக்கல் நாட்டிய சிவப்புக் கட்டடம், 1900-ல் திறந்தது. பிராட்வேயில் இருந்த பழைய சந்தைக்கு மாற்றாக வந்தது. 1985 மே 30 அன்று எரிந்தது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. ரயில் டிக்கெட்டில் இன்னமும் "மூர் மார்க்கெட் வளாகம்" என்று வருவதைப் பார்த்து, மார்க்கெட் அங்கேயே இருப்பதாக நினைத்து இறங்கித் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிந்தபின் கடைக்காரர்கள் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள்.

இன்றைய மூர் மார்க்கெட்டில் பழங்காலப் பொருள் தேடுவது ஏமாற்றம்தான் தரும். பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, அவற்றிலும் கைடும் நுழைவுத்தேர்வுப் புத்தகமும் முன்வரிசையில். வளர்ப்பு மீன், துணி, ஷூ, பழைய எலக்ட்ரானிக்ஸ். ஞாயிற்றுக்கிழமை சுற்றுவட்ட நடைபாதைகளில் தரைக்கடை விரியும். வேலைக்காகச் சென்னை வந்து தனியாகத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கான சந்தை அது, அவர்களுக்கு அது பெரிய உபகாரம். புதுவீட்டு வரவேற்பறைக்கு அலங்காரம் தேடுபவருக்கானது இல்லை.

பட்டியலின் கடைசி வரிக்கு மட்டும் இங்கே போகலாம். அதிலும் முன்வரிசையைத் தாண்டி, கடைக்காரரிடம் "பைண்டிங் ஏதாவது இருக்கா?" என்று கேட்க வேண்டும். கல்கி, விகடன் வார இதழ்களில் வந்த தொடர்களை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, காலிகோ துணி போட்டு பைண்டு செய்து வைத்த தலைமுறை ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் பச்சை மையில் ஒரு தாத்தாவின் பெயரும் ஊரும் இருக்கும். ஓவியங்களோடு, நடுவில் பற்பொடி விளம்பரத்தோடு, இட்லிப்பொடிக் கறையோடு. எனக்கு அவை அச்சான நூல்களைவிட மேல். இவை எல்லா ஞாயிறும் கிடைக்காது. கிடைக்காத நாளில் அப்படியே திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக்குப் போய்விடுங்கள், இப்போது பாரதி சாலை.

லீவு போட முடியாதவருக்கு ஞாயிறு ஒரு சாக்கு என்பதைத் தவிர, பல்லாவரத்துக்குப் பதிலாக மூர் மார்க்கெட் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ஊரப்பாக்கத்தில் ஏறினால் பூங்கா நிலையத்தில் இறங்கி ரோட்டைக் கடந்தால் போதும் என்பதால் அரைநாள் போய்விட்டு வரலாம், அவ்வளவுதான்.

புதுச்சேரி

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மகாத்மா காந்தி வீதியில் ஞாயிறுதோறும் நீண்டு கிடக்கும் சண்டே மார்க்கெட் பெரும்பாலும் துணிக்கடை. சட்டை, நைட்டி, செருப்பு, பிளாஸ்டிக் டப்பா, இடையில் சில பழைய புத்தகம், சில பாத்திரம். வேடிக்கை பார்க்க அருமை, நடந்து முடித்து ஒரு நல்ல காபியும் குடிக்கலாம். பழம்பொருளுக்கு அங்கே தனிக் கடைகள் இருக்கின்றன, அவை சந்தை இல்லை. விலையும் ஒயிட் டவுனுக்கு வரும் பயணிகளை வைத்துப் போடப்பட்டது. பிரெஞ்சுக் காலத்து நாற்காலி என்று காட்டப்படுவதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் பிளஸ் தலை திருகு இருந்தால், அந்தத் திருகே 1930-களில்தான் வந்தது. பழுது பார்த்தபோது போட்டது என்பார்கள், அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் நான்கு காலிலும் அதே திருகு என்றால்?

குடும்பத்தோடு கடலுக்குப் போகிற சாக்கில் சந்தையையும் பார்க்கலாம். சந்தைக்காக 150 கிலோமீட்டர் வேண்டாம்.

காரைக்குடி

இங்கே சந்தை நாள் என்று எதுவும் பார்க்க வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகக் கடைகள். சில கடைகளின் முன்பக்கத்தைப் பார்த்தால் சாதாரணமாக இருக்கும், உள்ளே போனால் ஒரு வீடு நீளத்துக்குப் பின்னால் போய்க்கொண்டே இருக்கும், மாடியிலும் சாமான். போகும் முன் எந்தக் கிழமை கடைகள் அடைப்பு என்று மட்டும் அந்த ஊர்க்காரர் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். கடிகாரம், கண்ணாடி, தூண், கதவு, மரப்பாச்சி, பல்லாங்குழி, ஊறுகாய் ஜாடி, எனாமல் போர்டு. முதல் தடவை போகிறவர்கள் ஒரு மணி நேரம் வாயைத் திறந்தபடி நடப்பார்கள், நானும் அப்படித்தான் நடந்தேன்.

ஏன் இந்த ஊரில் மட்டும் இவ்வளவு? நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து சம்பாதித்ததை ஊருக்குக் கொண்டுவந்து வீடாகக் கட்டினார்கள். பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, இத்தாலியப் பளிங்கு எல்லாம் கப்பலில் வந்தன. பெண்ணுக்குச் சீர் வைக்கும்போது ஒரே பாத்திரத்தைப் பல அளவில், பல எண்ணிக்கையில் வைப்பது வழக்கம். அவற்றில் பாதி ஒரு தடவைகூட அடுப்பேறாமல் சாமான் அறையிலேயே இருந்தன. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது, போட்ட முதல் போயிற்று. அடுத்த தலைமுறை சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போயிற்று. ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஓடு மாற்ற எல்லோரும் ஒப்புக்கொள்வதைவிட, விற்றுப் பங்கு பிரிக்க ஒப்புக்கொள்வது சுலபம். அப்படி வீடு இறங்கும்போது வெளியே வந்த சாமான்தான் அந்தத் தெரு. ஒரு கடையில் அடுக்கி வைத்திருந்த ஒரே மாதிரிப் பதினொரு தூக்குகளின் அடியில் ஒரே முதலெழுத்து வெட்டியிருந்தது. பன்னிரண்டாவது எங்கே என்று கேட்டேன். "அது ஆச்சியே வச்சுக்கிட்டாங்க" என்றார் கடைக்காரர்.

அதனால் தங்கையின் பட்டியலில் ஊஞ்சலும் ரவிவர்மாவும் இங்கேதான். பல்லாவரத்தில் ஊஞ்சல் பலகை கிடைக்காது என்று இல்லை, சங்கிலியோடு சேர்ந்து கிடைப்பது அரிது. மயிலும் யானையும் கோத்த பித்தளைச் சங்கிலியும் பலகையும் ஒரே வீட்டிலிருந்து வந்ததாக அமைவது காரைக்குடியில்தான் பெரும்பாலும் நடக்கும். வாங்கும் முன் வீட்டில் இரண்டு அளவு எடுக்க வேண்டும். வாசல்படி அகலம், கூரையில் கொக்கி போட்டிருக்கும் இடைவெளி. கான்கிரீட் போடும்போதே கொக்கி வைத்திருந்தால் நிம்மதி, இல்லையென்றால் பொறியாளரைக் கேட்காமல் ஆறடித் தேக்குப் பலகையையும் அதன்மேல் மூன்று பேரையும் தொங்கவிடாதீர்கள்.

ரவிவர்மா படம் வாங்க ஒரு பூதக்கண்ணாடி போதும். அவருடைய அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. அங்கே கல்லச்சில், அதாவது கல்லில் வரைந்து அச்சடிக்கும் முறையில், வந்த படத்தை உருப்பெருக்கிப் பார்த்தால் நிறம் பொடிப்பொடியாக, ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல் தெரியும். இப்போதைய அச்சென்றால் ஒரே அளவுப் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். காகிதத்தைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்குவது பழைய வித்தை, புள்ளியை ஒளிக்க யாராலும் முடியாது. செட்டிநாட்டு வீடுகளில் லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிச் சேலை கட்டிவிட்டிருப்பார்கள். அப்படிப்பட்டது கிடைத்தால் விலை கூடத்தான் இருக்கும், எடுத்துவிடுங்கள். எந்த வீட்டுப் பெண் எத்தனை மத்தியானம் உட்கார்ந்து ஒட்டினாளோ.

மங்கு என்று அவர்கள் சொல்லும் எனாமல் பாத்திரங்களுக்கும் இது நல்ல ஊர். அடியில் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். கடைசிப் பெயரை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். அந்த நாடே 1918-ல்தான் பிறந்தது, ஆகையால் அந்த முத்திரையோடு "நூத்தம்பது வருஷம் சார்" என்பவரிடம் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பழைய எனாமலில் சாப்பிட வேண்டாம், நிறத்தில் காரீயமும் காட்மியமும் இருக்கக்கூடும், அலமாரியில் வைக்க மட்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விலை பல்லாவரத்தைப் போல இல்லை. கடைக்காரர்களுக்கு உலகச் சந்தை தெரியும், ஓட்டல் அலங்கரிப்பவர்களும் சினிமா கலை இயக்குநர்களும் வாடிக்கையாளர்கள். உங்கள் 30,000 ஒரு ஊஞ்சலிலேயே கரைந்துவிடலாம். அங்கேயும் புதிதாகச் செய்து பழசாக்கிய சாமான் உண்டு. நல்ல கடைக்காரர் கேட்டால் "இது ரீப்ரொடக்ஷன்" என்று சொல்லிவிடுவார், கேட்காதவரிடம் சொல்ல அவருக்கென்ன கட்டாயம்? போக்குவரத்துக்கு ஒரு நாள் லீவு போதாது. பல்லவன் எக்ஸ்பிரஸில் மத்தியானம் தாம்பரத்தில் ஏறினால் இரவு காரைக்குடி, மறுநாள் முழுக்கக் கடை, அதற்கடுத்த விடியற்காலை அதே ரயில் திரும்புகிறது. வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு மதியம் வீடு. பெரிய சாமானை லாரிப் பார்சலில் போடலாம், கண்ணாடியை மட்டும் கையோடு கொண்டுவாருங்கள்.

இன்னொன்று காரைக்குடியில் கண்டிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம், மரச் சிற்பம் போன்றவை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், ஓலைச்சுவடிக்கு 75 வருடமே போதும். அவற்றை விற்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். கல், உலோகச் சிற்பம் போன்ற வகைகளைத் தொல்லியல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். தனியார் யாரும் நாட்டை விட்டு எடுத்துப்போக முடியாது. அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பலாம் என்று நினைத்தால் விமான நிலையத்தில் மாட்டுவது அவர்தான். பஞ்சலோகச் சிலை என்று ஏதாவது உள்ளறையில் காட்டினால் பார்க்கவும் வேண்டாம். எந்தக் கோயிலில் எந்தச் சன்னிதி காலியாக இருக்கிறதோ, சிலை கடத்தல் தடுப்புப் பிரிவுக்காரர்கள் வீடு வரை வருவார்கள். யானைத் தந்தம் எவ்வளவு பழசானாலும், எந்தப் பாட்டி கொடுத்ததானாலும், விற்பதும் வாங்குவதும் குற்றம்.

சரி, தங்கைக்கு என்ன சொன்னேன்?

பலரும் சொல்வது, முதலில் மலிவான இடத்தில் பழகிக்கொண்டு பிறகு காரைக்குடி போ என்று. நான் தலைகீழாகச் சொல்கிறேன். நேரமும் பணமும் இருக்கிறவர்கள் முதலில் காரைக்குடிக்குப் போய் எதுவும் வாங்காமல் ஒரு நாள் அசலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். பழைய தேக்கின் கனம், கையால் வெட்டிய பித்தளை எழுத்து, கல்லச்சின் மணல். அது விரலில் ஏறிய பிறகு பல்லாவரத்துத் தார்ப்பாயில் போலி தானாகவே கண்ணை உறுத்தும், எப்போதாவது ஒரு முறை அசல் ஒன்று சார்ஜர் மூட்டைக்கு அடியிலிருந்து எட்டிப் பார்ப்பதும் தெரியும். ஒரு நாள் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் பல்லாவரம் போகட்டும், கடந்த அறுபது வருடத்துப் பொருளை மட்டும் தேடட்டும், சந்தேகம் வந்தால் காயலான் கடை விலைக்கு மேல் அதிகம் கொடுக்காமல் இருக்கட்டும். தப்பினாலும் கை சுடாது.

தங்கை இரண்டாவது வகை. அதனால் பட்டியலைப் பிரித்தோம். அண்டாவும் கடிகாரமும் பல்லாவரத்தில், வருகிற வெள்ளி. அதற்கு 8,000-க்கு மேல் எடுத்துப்போவதில்லை என்று பேச்சு. மீதிப் பணம் ஊஞ்சலுக்கு, தை மாதம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும்போது காரைக்குடி. ரவிவர்மா, பணம் மிஞ்சினால். பைண்டிங் புத்தகத்துக்கு ஒரு ஞாயிறு நானே போய்வருகிறேன், அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

நேற்று மாப்பிள்ளை போன் செய்தார். "மச்சான், எல்லாம் சரி. அந்தக் கடிகாரம் ராத்திரி பூரா மணி அடிக்குமா?"

அரை மணிக்கு ஒரு தடவை அடிக்கும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அந்த பேட்டரி போட்ட கடிகாரம் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.